செய்முறை விஞ்ஞானமும் அச்சிட்ட விடையும்

அறிவு எவ்வழியால் வந்து எய்துகின்றது என்னும் வினாவை நம் முன்னோர் மிக நுணுகி ஆராய்ந்தனர். பொருளை உள்ளவாறு அளந்தறிதற்குரிய கருவிகளை அவர்கள் அளவை என்றனர். அளவைகளின் தொகைபற்றிச் சமயத்தார் தம்முள் வேறுபட்டனராயினும், காண்டல், கருதல், உரை என்னும் மூன்றையும் தமிழ் அளவை நூலார் பெரிதும் எடுத்தாண்டனர். பொறிகளால் நேரே அறிவது காண்டல்; கண்டதைக்கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல்; அறிந்தோர் சொல்லக் கேட்டுத் தெளிவது உரை. மணிமேகலையில் சமயக் கணக்கர் தத்தம் திறங் கூறும் காதை இவ்வளவைகளை விரித்துரைத்தலை இலக்கிய மாணவர் நன்கறிவர்.

இப்பாகுபாடு பழைய தருக்க மேடைக்கு மாத்திரம் உரியதன்று. நம் பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பிக்கப்படும் முறையை மதிப்பிடுதற்கும் இஃது ஓர் உரைகல்லாகும். விஞ்ஞானம் காண்டலிற் பிறந்து கருதலில் வளர்ந்த கலை. ஆயின் அது வகுப்பறையினுட் புகும்போது பெரும்பாலும் உரையாகவே புகுகின்றது. ஆசிரியர் சொல்வதும், நூல் சொல்வதும், பழைய வினாத்தாள் சொல்வதுமே மாணாக்கனுக்குப் பிரமாணமாகின்றன. இக்குறையை நீக்குதற்கென வகுக்கப்பட்டனவே செய்முறைப் பாடங்கள். மாணாக்கன் தன் கையாற் செய்து, தன் கண்ணாற் கண்டு, தன் கருத்தால் முடிவு காணல் வேண்டும் என்பது அவற்றின் நோக்கம். நோக்கம் மிக நன்று. அந்நோக்கம் நிறைவேறுகின்றதா என்பதை ஊவா மலைநாட்டு வெலிமடையில் நின்றுகொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் பொருளாகும்.

முதற்கண் ஒரு தப்பெண்ணத்தை அகற்றல் வேண்டும். செய்முறைக் கல்வி நேற்று வந்த புதுமை எனப் பலர் கருதுகின்றனர். இங்கிலாந்தில் இரசாயன ஆசிரியராய் விளங்கிய ஹென்றி எட்வேட் ஆம்ஸ்ட்ரோங் என்பார், மாணாக்கர் தாமே கண்டறியும் முறையினாற் கற்றல் வேண்டும் எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே வற்புறுத்தினார். 1962ஆம் ஆண்டில் அந்நாட்டில் நஃபீல்ட் நிதியத்தின் ஆதரவிலே தொடங்கிய விஞ்ஞானக் கற்பித்தற்றிட்டம் அக்கொள்கைக்குப் புத்துயிர் அளித்தது. இலங்கையில் 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரை எல்லா மாணாக்கருக்கும் ஒன்றிணைந்த விஞ்ஞானத்தை விதித்தது. 2007ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டமோ ஈடுபடல், கண்டறிதல், விளக்கல், விரித்தல், மதிப்பிடல் என ஐந்து படிகளை வகுத்து, பாடந்தோறும் அவற்றின்வழிச் செல்லுமாறு ஆசிரியரைப் பணித்தது. ஆகவே கொள்கையளவில் நம் நாடு செய்முறைக் கல்வியை ஏற்று அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஏற்ற கொள்கை வகுப்பறையில் என்ன ஆயிற்று என்பதே கேள்வி.

இதனை ஆராய்தற்கு யாவரும் அறிந்த எளிய பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீரின் கொதிநிலையைக் காணல் என்பது அப்பாடம். முகவை ஒன்றில் நீரை எடுத்து, மதுசார விளக்கின்மேல் வைத்து, வெப்பமானியை அதனுள் அமிழ்த்தி, நிமிடந்தோறும் வாசிப்பைக் குறித்தல் வேண்டும். வாசிப்பு ஏறிக்கொண்டே சென்று, நீர் கொதிக்கத் தொடங்கியதும் ஓரிடத்தில் நின்றுவிடும். நின்ற இடம் கொதிநிலை. அது நூறு பாகை செல்சியசு என்பதை ஆறாந் தரத்துக்கு வருமுன்னரே பிள்ளைகள் அறிவர்.

வெலிமடையோ கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. மேலே செல்லச் செல்ல வளிமண்டல அமுக்கம் குறையும். அமுக்கம் குறையக் கொதிநிலையும் குறையும். ஏறத்தாழ 300 மீற்றர் உயர்வுக்கு ஒரு பாகை எனக் கணக்கிடலாம். எனவே வெலிமடையில் நேர்மையான வெப்பமானி 96 அல்லது 97 பாகையிலேயே நின்றுவிடும். அதே சாலையிற் பதுளைக்கு இறங்கினால் ஒரு பாகை ஏறும். ஹக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறினால் 94 பாகையை ஒட்டி இறங்கும். பேருந்திற் சில மணித்தியாலத்துட் கடக்கக்கூடிய ஒரே சாலையின் மீது இயற்கை இவ்வளவு பெரிய பரிசோதனையை விரித்து வைத்திருக்கின்றது. கொழும்பு மாணாக்கனுக்கும் யாழ்ப்பாணத்து மாணாக்கனுக்கும் இப்பேறு வாய்க்கவில்லை.

இப்பேறு பெற்ற வெலிமடை மாணாக்கன் தன் குறிப்பேட்டில் எதனை எழுதுவான்? மூன்று வகையான முடிவுகளை எதிர்பார்க்கலாம். ஒன்று, கண்டது 96 ஆயினும் நூறு என எழுதிவிடுதல். இரண்டு, வெப்பமானி பழுது எனக்கொண்டு அப்பரிசோதனையைக் கைவிடுதல். மூன்று, இது ஏன் நூறாகவில்லை எனக் கேட்டல். முன்னைய இரண்டிலும் உரை வெல்கின்றது, காண்டல் தோற்கின்றது. மூன்றாவதில் மாத்திரமே விஞ்ஞானம் தொடங்குகின்றது.

நூறு பாகை என்பது நியம அமுக்கத்துக்குரிய எண் என நூல்கள் சொல்லாமலில்லை. ஆயின் அந்நிபந்தனை எண்ணோடு ஒட்டிக்கொண்டு மாணாக்கன் மனத்திற் பதிவதில்லை. எண் நிற்கின்றது, நிபந்தனை உதிர்கின்றது. உதிர்ந்த நிபந்தனையை மீண்டும் பொருத்துதற்கு 96 என்னும் அந்த வாசிப்பைவிடச் சிறந்த கருவி யாது? வெப்பமானியின்மீது ஐயம் எழுமாயின், நகரத்துக் கடையில் ஒரு துண்டு பனிக்கட்டி வாங்கி, உருகும் பனிக்கட்டியுள் அதனை வைத்துப் பார்க்கலாம். பனிக்கட்டியின் உருகுநிலை மலையேறுவதால் அளக்கத்தக்க மாற்றம் அடைவதில்லை. அங்கே சுழியத்தைச் சரியாகக் காட்டுங் கருவி கொதிநீரில் 96 காட்டுமாயின், பழி பெரும்பாலும் கருவிக்குரியதன்று என்பது தெளிவாகும். நுவரெலியாவில் பருப்பு வேகத் தாழ்க்கின்றது என வீட்டில் தாய் சொல்வதும், பிரசர் குக்கரில் அது விரைந்து வேகுவதும் இவ்வுண்மையின் இரு பக்கங்கள் எனக் காணும் பிள்ளை காண்டலிலிருந்து கருதலுக்கு ஏறிவிட்டது.

இவ்வளவு வாய்ப்பிருந்தும் மாணாக்கனை நூறு என எழுதவைப்பது எது? அவனது சோம்பலன்று, அவனைச் சூழ்ந்த அமைப்பு. ஐந்து படிப் பாடத்திட்டத்தின் ஆசிரியர் கைநூல்களை நோக்குவோர்க்கு இது புலனாகும். முதலிரு படிகளில் மாணாக்கர் குழுக்களாகக் கூடிக் கண்டறிய வேண்டும் என விதிக்கப்படுகின்றது. அடுத்த படியிலேயே ஆசிரியர் வலியுறுத்த வேண்டிய முடிபுகள் நிரலாக அச்சிடப்படுகின்றன. கண்டறிதல் எப்பாதையிற் சென்றாலும் முடிவு முன்னரே குறிக்கப்பட்ட இடத்தில் வந்து நிற்றல் வேண்டும். நாற்பது நிமிடப் பாடவேளையும், முடிக்கவேண்டிய பாடப்பரப்பும் ஆசிரியரைப் பின்னின்று தள்ளும்போது, அவர் கண்டறிதலைச் சுருக்கி முடிபை எழுதிப்போடுதல் இயல்பே. பரீட்சையும் இதற்குத் துணை நிற்கின்றது. பொதுப் பரீட்சைகள் செய்முறை அறிவையும் எழுத்து வினாக்களாலேயே சோதிக்கின்றன. உபகரணத்தைத் தொட்டறியாதவனும் அதன் படத்தையும் படிமுறையையும் மனனஞ் செய்து நிறைபுள்ளி பெறலாம். தொட்டு ஆராய்ந்தவன் தான் கண்ட 96ஐ எழுதிப் புள்ளி இழக்க அஞ்சலாம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். நம் வகுப்பறையில் நிகழ்வது அதனினும் வியப்பானது. கொல்லையிற் காய்த்த சுரைக்காயை வகுப்புக்குக் கொண்டுவந்து, அதனையும் ஏட்டிற் கண்டவாறே வரையுமாறு பணிக்கின்றோம். விடை முன்னரே அச்சாகியுள்ள பரிசோதனை கைக்கு வேலை தருவதாயினும் உரையே ஆகும். அதனைக் காண்டல் என்று பெயரிட்டு வழங்குதல் மாணாக்கனை ஏமாற்றுவதாக முடியும்.

இவ்விடத்தில் மலையகப் பாடசாலைகளின் வறுமையைச் சுட்டிச் சிலர் மறுப்புக் கூறுவர். ஆய்கூடமும் உபகரணமும் இல்லாத இடத்தில் ஆராய்ச்சி எங்ஙனம் நிகழும் என்பது அவர் கேள்வி. இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடல் முறையன்று. தோட்டப் பிள்ளைகளின் கல்வி நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தது. 1945ஆம் ஆண்டில் இந்நாட்டில் இலவசக் கல்வி மலர்ந்தபோதும் அதன் பயன் லயங்களை முழுமையாக எட்டவில்லை. தோட்டப் பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது 1970களிலேயாம். 1980களிற் சுவீடன் நாட்டு உதவியும், பின்னர் ஜெர்மன் உதவியும் கிடைத்த பின்னரே கட்டிடங்களும் ஆசிரியப் பயிற்சியும் ஓரளவு சீர்பெற்றன. உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் ஊவாவில் இன்றும் அரியன. வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வர விரும்பும் தோட்டத்துப் பிள்ளை பலவேளை ஊர்விட்டு ஊர் செல்லவேண்டியுள்ளது. இக்குறை உண்மையானது, தீர்க்கப்பட வேண்டியது.

ஆயினும் உபகரணக் குறையும் வினாக் குறையும் வெவ்வேறானவை. 2010களிற் பல இடைநிலைப் பாடசாலைகளில் மகிந்தோதயத் தொழினுட்ப ஆய்வுகூடங்கள் அரசினால் எழுப்பப்பட்டன. கட்டிடம் வேண்டற்பாலதே. ஆயின் அழகிய ஆய்கூடத்தினுள்ளும் மாணாக்கன் அச்சிட்ட விடையையே எதிர்நோக்கி நிற்பானாயின், வறுமை இடம் மாறியதேயன்றி நீங்கியதாகாது. உபகரணம் மிகச் சிலவாயினும் வினா உயிருள்ளதாக இருத்தல் கூடும் என்பதற்கு நம் அண்டை நாட்டிலே சிறந்த சான்று உண்டு. அதனை ஈண்டு நோக்குதல் தகும்.

இன்று நர்மதாபுரம் எனப் பெயர் மாறியுள்ள மத்தியப் பிரதேசத்து ஹொசங்காபாத் மாவட்டம் நம் ஊவாவைப் போன்றே தலைநகருக்குச் சேய்மைப்பட்ட கமத்தொழிற் பகுதி. 1972ஆம் ஆண்டில், ரசூலியாவிலிருந்த நண்பர் கிராம நிலையமும், அனில் சத்கோபால் நிறுவிய கிஷோர் பாரதி என்னும் அமைப்பும் இணைந்து, அங்குள்ள 16 நடுநிலைப் பள்ளிகளிற் புதிய விஞ்ஞானக் கற்பித்தலைத் தொடங்கின. டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் பம்பாய் தாதா ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளும் கிராமத்துப் பள்ளி ஆசிரியர்களோடு ஒரே தரையில் அமர்ந்து பாடங்களை உருவாக்கினர். 1978ஆம் ஆண்டில் இத்திட்டம் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982இல் இதனைத் தொடர்ந்து நடத்துதற்கென ஏகலவ்யா என்னும் நிறுவனம் தோன்றியது.

இத்திட்டத்தின் சிறப்புக் கருவிகளின் விலையில் இருக்கவில்லை. சைக்கிள் வால்வுக் குழாயையும் தீக்குச்சியையும் கொண்டு வடிவங்கள் அமைத்துக் கேத்திரகணிதம் பயிற்றும் முறையை அரவிந்த் குப்தா கண்டது இச்சூழலிலேதான். திட்டத்தின் உயிர்நாடி நான்கு ஏற்பாடுகளில் இருந்தது. ஒன்று, குழந்தை விஞ்ஞானி எனப் பொருள்படும் பெயர்கொண்ட அதன் பாடநூல். அந்நூல் பரிசோதனையையும் வினாவையும் தந்ததேயன்றி விடையைத் தரவில்லை. பிள்ளை கண்டதே குறிப்பேட்டில் ஏறியது. இரண்டு, பரீட்சை. நூலையும் குறிப்பேட்டையும் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் தேர்வும், கையாற் செய்துகாட்டும் தேர்வும் அங்கு வழங்கின. மூன்று, ஆசிரியர் கூட்டம். அயற் பள்ளி ஆசிரியர் காலந்தோறும் ஒன்றுகூடித் தத்தம் வகுப்பில் எழுந்த சிக்கல்களை ஆராய்ந்தனர். நான்கு, பிள்ளைகள் எவ்வினாவையும் கடிதமாக எழுதி அனுப்புதற்குரிய சவாலிராம் என்னுங் கற்பனைப் பாத்திரம். வினாவுக்கு ஒரு முகவரி இருந்தது என்பது சிறிய செய்தியன்று.

இத்திட்டத்தைப் புகழ்வதோடு நின்றுவிடின் இது திறனாய்வு ஆகாது. முப்பது ஆண்டு நடந்து, ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளை எட்டிய பின்னர், 2002ஆம் ஆண்டில் மாநில அரசு அதனை நிறுத்திவிட்டது. இத்திட்டத்திற் பயின்ற பிள்ளைகளுக்கு விஞ்ஞானத் தகவல் போதாது, மேல்வகுப்புப் பொதுப் பரீட்சையில் அவர்கள் பின்தங்குவர் என்பது அதன்மீது சாட்டப்பட்ட பெருங்குறை. இக்குற்றச்சாட்டு எத்துணை உண்மை என்பதில் இரு சாராரும் உடன்படவில்லை. ஆயினும் அதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவு. எட்டாந் தரம் வரை வினாவை மதித்த முறை, ஒன்பதாந் தரத்தில் விடையை மாத்திரம் மதிக்கும் முறையோடு மோதியது. நடுவில் மாத்திரம் மாற்றம் செய்து முடிவில் நிற்கும் பரீட்சையை மாற்றாது விட்டமை அதன் வலுவின்மை. பெற்றோரின் அச்சம் அறியாமையால் எழுந்தது எனக் கூறித் தள்ளவும் இயலாது. தம் பிள்ளையின் எதிர்காலம் ஒரு வினாத்தாளில் தொங்குகின்றது என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். தோட்டத்துப் பெற்றோரும் அவ்வாறே அறிவர்.

கண்டறி முறைக்கு அறிஞர் பக்கத்திலிருந்தும் மறுப்பு உண்டு. 2006ஆம் ஆண்டிற் கேர்ஷ்னர், சுவெல்லர், கிளார்க் என்னும் மூவர் வெளியிட்ட கட்டுரை, வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் தொடக்க நிலை மாணாக்கரின் மனத்துக்குத் தாங்கொணாச் சுமையாகின்றது என வாதித்தது. ஆம்ஸ்ட்ரோங் காலத்திலும் இதனையொத்த மறுப்பு எழுந்தது. பல நூற்றாண்டாகப் பேரறிஞர் கண்டவற்றை ஒரு சிறுவன் சில ஆண்டுகளில் மீண்டுங் காண்பது எங்ஙனம் என்பது அம்மறுப்பு. இது நியாயமானது. அணுவின் அமைப்பையும் கோள்களின் இயக்கத்தையும் எந்தச் சிறுவனும் தானே கண்டறியான். அவற்றை உரையாற் பெறுவதே முறை. உரை இழிந்த அளவையன்று. அறிந்தார் சொல்லை நம்பாது ஒருவன் ஒருநாளும் வாழ முடியாது.

ஆகவே நாம் வேண்டுவது உரையை ஒழிப்பதன்று. உரையையும் காண்டலையும் மயங்காது வைத்தலே. சொல்லிக்கொடுக்க வேண்டியதை நன்றாகச் சொல்லிக்கொடுக்கலாம். ஓராண்டின் பாடப்பரப்பில் மூன்று நான்கு வினாக்களை மாத்திரம் தெரிந்தெடுத்து, அவற்றில் விடை உண்மையாகவே திறந்திருக்குமாறு விடுதல் போதும். அவ்விடங்களில் ஆசிரியர் வழிகாட்டலாம். அளக்கும் முறையைக் கற்பிக்கலாம். பிழையை நுணுகிப் பார்க்கச் செய்யலாம். எண்ணை மாத்திரம் மாணாக்கனுக்கு முன்னரே சொல்லாதிருத்தல் வேண்டும். ஆசிரியருக்குத் தாமே அறியாத விடையாக அஃது இருக்குமாயின் இன்னுஞ் சிறப்பு.

அத்தகைய வினாக்கள் வெலிமடைப் பகுதியில் எங்கே உள்ளன? தேடவேண்டியதில்லை, அவை வீட்டு வாசலில் நிற்கின்றன. மூன்றை எடுத்துக்காட்டுவோம்.

முதலாவது கொழுந்து பற்றியது. மழைநாளிற் பறித்த கொழுந்தில் நீர் ஒட்டியிருக்கும். நிறுக்கும்போது ஈரத்துக்கும் கூடைக்கும் எனக் கழிவு வைப்பது தோட்டங்களில் நெடுநாள் வழக்கம். எவ்வளவு கழிப்பது நியாயம் என்பது தாய்மாரின் அன்றாட மனக்குறை. இதனை ஒரு விற்றராசு கொண்டு ஆராயலாம். உலர்ந்த கொழுந்தை நிறுத்து, நீரில் தோய்த்து உதறி மீண்டும் நிறுத்தால் ஒட்டிய நீரின் நிறை கிடைக்கும். ஈரக் கொழுந்தை உலரவிட்டு நிறுத்தாலென்ன என ஒரு மாணாக்கன் கேட்பானாயின், அங்கே பெரியதொரு பாடம் பிறக்கின்றது. கொழுந்தின் உள்ளேயும் நீர் உண்டு. ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்திலிருந்தே ஒரு கிலோ தேயிலைத்தூள் பெறப்படுகின்றது. உலரவைத்தால் ஒட்டிய நீரோடு உள்ளிருந்த நீரும் சிறிது வெளியேறும். ஆகவே நனையாத கொழுந்தையும் பக்கத்தில் உலரவைத்து ஒப்பிடல் வேண்டும். ஒப்பீட்டுப் பரிசோதனை என நூல் கூறுவதன் தேவையை மாணாக்கன் இங்கே தானே உணர்வான். அவன் காணும் எண் எந்நூலிலும் அச்சாகவில்லை. ஆயின் அது தன் தாயின் கூலியைத் தொடும் எண்.

இரண்டாவது மழை பற்றியது. ஊவா வடிநிலம் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மலைத்தொடரின் மறைவில் உலர்ந்து கிடக்கும். ஒக்டோபர் முதலாக அதற்குப் பெருமழை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுட் புதைந்ததை மலையகம் மறவாது. 2025 நவம்பரில் டித்வா புயலின் மழை பதுளை மாவட்டத்திற் பல சரிவுகளைக் குலைத்தது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்திற் பெய்யும் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டும்போது விழிப்பையும், 100, 150 என அது ஏறுந்தோறும் மேலும் வலிய எச்சரிக்கையையும் விடுப்பதாக அறிகின்றோம். வானொலியில் வரும் அவ்வெண் எங்கோ வைத்த ஒரு கருவியின் எண். மேல்மலையிற் பெய்தது பள்ளத்திற் பெய்யாதிருக்கலாம். நேர்ச்சுவருள்ள தகரப்பேணி ஒன்றும் அளவுகோல் ஒன்றும் இருப்பின் பாடசாலைதோறும் மழைமானி அமையும். பேணியின் வாய் அகன்றதாயினும் ஒடுங்கியதாயினும் நீரின் உயரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பது ஏன் என்னும் வினா கேத்திரகணிதத்துக்கு வழிகாட்டும். மூன்று ஆண்டு விடாது எழுதிய மழைக்குறிப்பேடு ஒரு தோட்டத்தின் உயிர்க்காவலாகவும் பயன்படல் கூடும்.

மூன்றாவது கிணறு பற்றியது. வெலிமடைப் புகுல்பொலவில் அணைகட்டி நீரை மலையூடாகக் கொண்டுசெல்லும் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துள் 2014 டிசம்பரில் நிலத்தடி நீர் பெருக்கெடுத்தது. அதன்பின் பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. மக்கள் வீதிக்கு வந்தனர். 120 மெகாவாற்று மின்வலு தரும் அத்திட்டம் 2024 ஏப்பிரலிற் திறந்துவைக்கப்பட்டது. கிணறு வற்றியது என ஒருவர் முறையிடும்போது, முன்னர் அதில் எவ்வளவு நீர் இருந்தது என அதிகாரி வினவுவார். அவ்வினாவுக்கு நினைவு விடையாகாது, குறிப்பேடே விடையாகும். முடிச்சிட்ட கயிறும் ஒரு கல்லும் கொண்டு வாரந்தோறும் நீர்மட்டத்தை அளத்தல் எட்டாந் தரத்துப் பிள்ளைக்கு இயலாத காரியமன்று. ஊர்ப்பள்ளிகள் அத்தகைய குறிப்பேடுகளை வழிவழியாகப் பேணிவரின், ஊர் தன் வழக்கைத் தானே சான்றோடு எடுத்துரைக்கும் வலிமை பெறும்.

இம்மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. விடை பாடநூலில் இல்லை. ஆசிரியர் மனத்திலும் இல்லை. பொய் எழுதுதற்கு வழியில்லை. எதனைப் பார்த்து எழுதுவது? இங்கே மாணாக்கன் எழுதும் எண்ணே முதல் எண். அதனைச் சரிபார்த்தற்கு மற்றொரு மாணாக்கன் மீண்டும் அளத்தலே வழி. விஞ்ஞானிகளின் உலகில் உண்மை நிலைநாட்டப்படுவதும் இவ்வாறே.

இனிச் செய்யவேண்டியவை சில. பாடத்திட்டம் வகுப்போர், இடத்துக்கிடம் விடை வேறுபடும் வினாக்களை ஒவ்வோராண்டுப் பாடத்திலும் சேர்த்தல் வேண்டும். பரீட்சகர், மாணாக்கன் தன் குறிப்பேட்டைத் திறந்து வைத்து, தன் எண்களைக்கொண்டு விடையெழுதும் ஒரு வினாவையேனும் அமைத்தல் வேண்டும். ஹொசங்காபாத்தின் வீழ்ச்சி நமக்கு உணர்த்துவது இதுவே. அயற் பாடசாலை ஆசிரியர் தவணைக்கு ஒருமுறையேனும் கூடுதற்கு நேரமும் வழிச்செலவும் அளிக்கப்படல் வேண்டும். தனித்து நிற்கும் ஆசிரியரால் அச்சிட்ட விடையை எதிர்த்து நிற்றல் அரிது. எல்லாவற்றுக்கும் மேலாக, எனக்குத் தெரியாது, அளந்து பார்ப்போம் எனச் சொல்லும் ஆசிரியரைக் குறைவாக எண்ணாத மனப்பான்மை அதிபரிடத்தும் பெற்றோரிடத்தும் வளர்தல் வேண்டும்.

இவ்விதழைப் படிக்கும் மாணாக்க அன்பர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வெப்பமானி உங்கள் பாடசாலையிலும் ஒன்றேனும் இருக்கும். நீர் கொதிக்கும்போது அது நிற்கும் இடத்தை உள்ளவாறு எழுதுங்கள். பக்கத்தில் உங்கள் ஊரின் பெயரையும் அன்றைய திகதியையும் குறியுங்கள். நூல் கூறும் எண்ணை அதன் கீழே எழுதி, இரண்டுக்கும் உள்ள வேற்றுமைக்குக் காரணம் தேடுங்கள். நூலை மதிப்பவன் தான் கண்டதை மறைக்க வேண்டியதில்லை. தான் கண்டதை மதிப்பவன் நூலை வெறுக்க வேண்டியதுமில்லை. காண்டலும் கருதலும் உரையும் தத்தம் இடத்தில் நிற்கும் வகுப்பறையே விஞ்ஞானம் வளரும் வகுப்பறை. அஃது ஆயிரம் மீற்றர் உயரத்தில் தகரக்கூரையின் கீழும் அமைதல் கூடும்.